பால்வண்ணன் அனுப்பிய மழை

நெடுந்துறையில் அந்த வருஷம் புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறக்கிற சமயத்தில் வானம் பால்வண்ணன் சொன்னபடி கேட்க ஆரம்பித்தது. இதைக் கேள்விப்பட்டு முதலில் வருத்தப்பட்டவள் அவருடைய மனைவி உலகம்மாள்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த மனுஷன் சொன்னதை வீட்டில் ஒரு கோழிக்குஞ்சு கேட்டதில்லை, வானத்துக்கு என்ன கேடு வந்தது என்று அவள் தண்ணீர்க் குழாயடியில் சொன்னதாக ஊரில் பேச்சு.

பால்வண்ணன் அந்த ஊர் வானிலை நிலையத்தின் ஒரே ஊழியர். நிலையம் என்றால் கம்பிவேலிக்குள் கால் வைத்த ஒரு வெள்ளைப் பெட்டி, ஒரு காற்றுக்காட்டி, தரையில் பதித்த மழைமானி, ஓரமாக ஓர் அறை, அறைக்குள் ஒரு கம்ப்யூட்டர். தினமும் காலையில் மழைமானியில் சேர்ந்திருக்கும் தண்ணீரை அளவுக் குவளையில் ஊற்றி, எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து, பட்டணத்தில் இருக்கிற தலைமை அலுவலகத்துக்கு அனுப்பவேண்டும். இந்தச் சின்ன வேலையை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எவ்வளவு யோசிக்க முடியுமோ அவ்வளவும் அவர் யோசித்துவிட்டார். குவளை சாய்ந்திருந்ததா, தன் கண் சாய்ந்திருந்ததா, மழைமானிக்குள் விழுந்ததுதான் ஊரின் மழை என்றால் வேலிக்கு வெளியே விழுந்தது யாருடைய மழை என்றெல்லாம் யோசித்து, ஐம்பத்து நான்கு வயதுக்குள் அவர் தலைமுடி முழுவதும் வெளுத்துப்போயிருந்தது.

நெடுந்துறை இரண்டு மனசு உள்ள ஊர். கிழக்கே கடலை ஒட்டி உப்பளம், மேற்கே கரிசலில் மிளகாய். மழை தள்ளிப்போனால் இன்னொரு தடவை உப்பு வாரலாம் என்று கிழக்குத் தெரு மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றும். மழை வந்தால்தான் நாற்றைப் பிடுங்கி நடலாம் என்று மேற்குத் தெரு அம்மனுக்குப் பொங்கல் வைக்கும். மாதாவும் அம்மனும் தங்களுக்குள் பேசி ஏதோ ஒன்றைக் கொடுத்து வந்தார்கள். இரண்டு தெருவுக்கும் நடுவில் இருந்த வானிலை நிலையத்தை, அதன் வேலியில் துணி காயப்போடலாம் என்பதைத் தவிர வேறு எதற்காகவும் யாரும் மதித்ததில்லை.

பால்வண்ணனின் அப்பா உப்பளத்தில் அளவுக்காரராக இருந்தவர். அந்த ஊரில் உப்பை யாரும் தலைதட்டி அளப்பதில்லை. பெட்டி நிறைந்த பிறகு மேலுக்கு ஒரு கை அள்ளிப்போட்டால்தான் அளந்ததாக அர்த்தம். தலைதட்டி அளக்கிறவன் வீட்டில் பெண் எடுக்கக்கூட யோசிப்பார்கள். அந்தக் கை பால்வண்ணனுக்கும் வந்திருந்தது. குவளையில் எட்டு இருந்தால் பத்து என்று அனுப்புவார், இருபது இருந்தால் இருபத்திரண்டு. எதையும் இத்தனை துருவிப் பார்க்கிற மனிதருக்கு இது ஒன்று மட்டும் உறுத்தவே இல்லை. மேலே இருக்கிறவன் கொடுத்ததைத் தலைதட்டிச் சொல்வது மரியாதை இல்லை என்று நினைத்தார்.

அன்று காலை குவளையில் எட்டு இருந்தது. வழக்கம்போலப் பத்து என்று அனுப்பிவிட்டு வெளியே வந்தால், பளீரென்று வெயில் அடித்துக்கொண்டிருக்கையில் ஊர் முழுக்க ஒரு தூற்றல் விழுந்தது, விழுந்த வேகத்தில் குழாயைத் திருகியதுபோல நின்றது. அவர் மழைமானியை எடுத்து ஊற்றிப் பார்த்தார். இரண்டு. எட்டும் இரண்டும் பத்து. மறுநாள் பன்னிரண்டைப் பதினான்கு என்று அனுப்பினார், பாக்கி இரண்டு வந்து சேர்ந்தது. அதற்கடுத்த நாள் மழை இல்லை. இல்லாததற்கு மேலே எப்படிப் போடுவது என்று தெரியாமல் பூஜ்யம் என்று அனுப்பினார், வானம் சும்மா இருந்தது.

அவர் பட்டணத்துக்குப் போன் போட்டார். அங்கே வானிலைக் கணக்குப் போடும் கணினியைப் பார்த்துக்கொள்கிற மிருணாளினி என்ற சின்ன வயசு விஞ்ஞானி பொறுமையாகக் கேட்டாள்.

"சார், கம்ப்யூட்டர் முதல்ல தானா ஒரு கணக்கு போட்டு வெச்சிருக்கும், இன்னைக்கு உங்க ஊர்ல இவ்வளவு மழைன்னு. அப்புறம் நீங்க சொல்றதைக் கேக்கும். கேட்டுட்டு ரெண்டுக்கும் நடுவுல ஒரு எடத்துல போய் நிக்கும். அங்க இருந்துதான் நாளைக்கு என்னன்னு கணக்கு போடும்."

"எங்க ஊர்ல பாகம் பிரிக்கப் பெரியவரைக் கூப்பிடுவோம், அது மாதிரியாம்மா?"

"அதேதான். யார் மேல நம்பிக்கை அதிகமோ அந்தப் பக்கம் கொஞ்சம் சாயும்."

"சரி. வானம் ஏன் அது சொன்னபடி கேக்குது?"

"அது எங்க பிரிவு இல்ல சார். கணக்குக்கும் வானத்துக்கும் வித்தியாசம் வந்தாத்தான் நாங்க பாக்கணும். உங்க ஊர்ல வித்தியாசமே இல்ல. மேலதிகாரிங்க ரொம்பச் சந்தோஷமா இருக்காங்க."

பால்வண்ணன் இதை யாரிடமும் சொல்லவில்லை, உலகம்மாளைத் தவிர. ஆகவே மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

முதலில் வந்தவள் மேற்குத் தெரு சீனியம்மாள். போன வருஷம் மழை பொய்த்து அவளுடைய மிளகாய் பூவோடு கருகியது. இந்த வருஷமும் போனால் நிலத்தைப் போட்டுவிட்டுத் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகவேண்டியதுதான் என்று புருஷன் பெட்டியை இறக்கித் துடைத்தே வைத்துவிட்டான். அவளோ நாற்றங்காலில் நாற்று வளர்த்து, முக்காடு போட்ட பிள்ளைகளைப்போல ஓலைக்கடியில் வைத்துக் காத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, ஒரு முப்பது போட்டு விடுங்க."

"சீனியம்மா, நான் பாக்குதவன். பெய்ய வைக்குதவன் இல்ல."

"நான் பெய்ய வைக்கவா சொன்னேன்? முப்பது பெஞ்சிருக்குன்னு சொல்லுங்க. மிச்சத்தை அது பாத்துக்கிடும்."

அன்று அவர் குவளையில் ஒன்றுமில்லை. முப்பது என்று அனுப்பினார். எதற்காக அனுப்பினோம் என்று பிறகு பல நாள் யோசித்திருக்கிறார். சீனியம்மாளின் நாற்றுக்காக என்று ஒரு நாள் தோன்றும். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருத்தி தன் வேலியில் துணி காயப்போடாமல் தன்னைத் தேடி வந்தாள், அதற்காகத்தான் என்று இன்னொரு நாள் தோன்றும். எப்படியோ, பதினைந்து பெய்தது. கணினி சின்னப் பொய்யை முழுசாக நம்பும், பெரிய பொய்யில் பாதியை நம்பும் என்று இதிலிருந்து ஊர் தெரிந்துகொண்டது.

மழை தெரு பார்த்துப் பெய்யாதல்லவா, உப்பளத்திலும் பதினைந்து பெய்தது. கிழக்குத் தெரு உப்புத் தொழிலாளர் தலைவர் ஞானதிரவியம், முழங்கால்வரை சேறும் இடுப்புக்குமேல் கோபமுமாக வந்து நின்றார்.

"என்னவே பால்வண்ணம், உம்ம அப்பா உப்புத் தின்னு வளந்தவரு, நீரு மொளகாத் தின்னு வளந்தீரோ?"

"கோபப்படாதேயும். கை தவறிட்டு."

"தவறுன கையாலயே ஒண்ணுமில்லன்னு போடும். பாத்தி முழுக்க உப்பு பூத்து நிக்கி, நாளைக்கு வாரணும்."

பால்வண்ணன் திருத்தம் அனுப்பினார். கணினி வழக்கம்போலப் பாதிக்குச் சம்மதித்தது. பெய்த பதினைந்தில் பாதி, பாத்தியிலிருந்தும் தெருவிலிருந்தும் கூரையிலிருந்தும் துளித்துளியாகக் கிளம்பி, சத்தமில்லாமல், அவசரமில்லாமல், வந்த வழியே மேலே போனது. குடை பிடித்து நின்றவர்களின் குடைக்குள் தண்ணீர் வந்து தங்கியது. டீக்கடையில் மழை விழுந்து நீர்த்துப்போயிருந்த டீ திரும்பவும் திக்கானது; கடைக்காரர் அதற்குத் தனியாக ஏதாவது கேட்கலாமா என்று யோசித்தார். சீனியம்மாள் மட்டும் விவரமானவள். கூரைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்த அண்டாவின்மேல் பலகையைப் போட்டு, பலகைமேல் ஏறி உட்கார்ந்து, அடியிலிருந்து தண்ணீர் முட்டமுட்ட இறங்காமல் இருந்தாள். அந்த ஊரில் சொட்டுக் குறையாமல் தங்கிய மழை அவள் அண்டாவில் இருந்தது மட்டும்தான்.

அதன் பிறகு ஊர் பழகிக்கொண்டது. எந்த அதிசயத்தையும் ஒரு ஊர் எப்படிப் பழகுமோ அப்படி, முதலில் வாயைப் பிளந்து, பிறகு வரிசையில் நின்று, பிறகு வரிசையில் முந்துவதற்குச் சண்டைபோட்டு. காலையில் நிலையத்து வேலிக்கு வெளியே கூட்டம் கூடியது. கல்யாண வீட்டார் பூஜ்யம் கேட்டார்கள், குடை ரிப்பேர் செய்கிறவர் குறைந்தது பத்து போடுங்கள் என்றார், ஐஸ் விற்கிறவர் மழையே வேண்டாம், வெயிலில் ஏதாவது கூட்டிப் போட முடியுமா என்று விசாரித்தார். மேற்குத் தெரு நாற்பது கேட்டது, கிழக்குத் தெரு பூஜ்யம் கேட்டது, பேசிப்பேசி இருபதில் வந்து நின்றார்கள். கணினி அதில் பாதியைக் கொடுத்தது. அடுத்த நாள் மேற்குத் தெரு, எப்படியும் பாதிதானே என்று எண்பது கேட்டது. ஞானதிரவியம் அதற்கும் மேலே போய், "மைனஸ் இருபது போடும்" என்றார்.

"மைனஸ் மழைன்னு ஒண்ணு கிடையாதுவே."

"மேல போச்சே, நீரு பாக்கலையா? அதுக்கு என்ன பேரு?"

பால்வண்ணன் குவளையைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் போனார்.

கூட்டிச் சொல்லச்சொல்லக் கணினி நம்புவது குறைந்தது. பாதியை நம்பியது கால்வாசியை மட்டும் நம்பியது, கால்வாசி பதினாறில் ஒரு பங்கான வீசத்துக்கு வந்தது. அது குறையக்குறைய ஊர் கூட்டியது. நூறு என்றார்கள், இருநூறு என்றார்கள். ஊரோடு கூடித் தப்புச் செய்வதில் ஒரு சுகம் இருக்கிறது, யாருடைய தப்பு என்று யோசிக்கவேண்டியதில்லை. பால்வண்ணனும் அந்தச் சுகத்தில் கொஞ்ச நாள் இருந்தார். கடைசியில் ஒரு காலை, சொட்டு ஈரம் இல்லாத குவளையைக் கையில் வைத்துக்கொண்டு, அறுநூறு மில்லிமீட்டர் என்று அனுப்பினார்.

வானத்தில் ஒன்றும் நடக்கவில்லை. போன் அடித்தது.

"சார், கம்ப்யூட்டர் உங்க ஸ்டேஷனை ஒதுக்கி வெச்சிடுச்சு" என்றாள் மிருணாளினி. "இனிமே நீங்க என்ன சொன்னாலும் காதுல வாங்காது."

"அப்போ எங்க ஊருக்கு மழை?"

"உங்களை விட்டுட்டா அந்த எடத்துல அதுக்கு வேற கண்ணு இல்ல சார். இத்தனை வருஷமா இந்த சீசன்ல பெஞ்ச மழையை எல்லாம் கூட்டி நாள் கணக்குல வகுத்து, சராசரியை வெச்சுக்கும்."

சராசரி அன்றே வந்தது. அதை மழை என்று சொல்ல முடியாது, மழை இல்லை என்றும் சொல்ல முடியாது. ஏழு மில்லிமீட்டர், விடிந்ததிலிருந்து பொழுது அடைந்ததுவரை ஒரே சீராக, சலித்த மாவுபோல இறங்கிக்கொண்டிருந்தது. மறுநாளும் ஏழு. அதற்கு மறுநாளும் ஏழு. வெயிலும் சராசரி, காற்றும் சராசரி. சேவல்கள் விடிந்ததா என்று தெரியாமல் பாதிக் கூவலில் நிறுத்தின. பாத்தியில் பூத்த உப்பு கஞ்சிபோலக் குழைந்தது, கண்மாயில் ஒரு சாண் தண்ணீர்கூட ஏறவில்லை, சீனியம்மாளின் நாற்று நனையவும் இல்லாமல் காயவும் இல்லாமல் வேரில் மெத்தென்று ஆகத் தொடங்கியது. இரண்டு தெருக்காரர்களும் சரித்திரத்தில் முதல்முறையாக ஒரே நாளில் ஒரே காரணத்துக்காக நஷ்டப்பட்டார்கள். சண்டைபோடக்கூட அவர்களுக்குத் தெம்பு இல்லை. கோபமும் சராசரியாக வந்தது.

"பால்வண்ணண்ணே" என்றாள் சீனியம்மாள் ஒரு நாள், வேலியைப் பிடித்துக்கொண்டு. "அழுகுன நாத்தைப் பிடுங்கிட்டேன். பாதிதான் நிக்கி. அதுவும் போச்சுன்னா பெட்டியைத் தூக்க வேண்டியதுதான். ஏதாவது செய்யுங்க."

"என்னைய அது நம்பலையே, சீனியம்மா."

"நீங்க நம்புத மாதிரியா பேசுனீங்க? அறுநூறு. அறுநூறு பெஞ்சா நான் இங்கயா நின்னு பேசுவேன், கடல்ல நின்னுல்ல பேசுவேன்."

"நீதானே போடச் சொன்னே."

"சொல்லுதவ ஆயிரம் சொல்லுவா. பாக்குதவரு நீங்கதானே."

அந்த வார்த்தை அவரைச் சுட்டது. அவர் மிருணாளினிக்குப் போன் போட்டு, நம்ப வைக்க வழி உண்டா என்று கேட்டார்.

"கம்ப்யூட்டருக்குக் கோபம் எல்லாம் கிடையாது சார். இருக்கிறதை இருக்கிற மாதிரி அனுப்பிட்டே இருங்க. கொஞ்சங்கொஞ்சமா சேத்துக்கும். அப்புறம் இன்னொண்ணு, அந்த ரெண்டு மில்லிமீட்டர்."

"எந்த ரெண்டு?"

"மேலுக்குப் போடுவீங்களே சார். உங்க ஸ்டேஷன் எப்பவும் ரெண்டு கூடச் சொல்லும்னு அதுக்கு ஆரம்பத்துலயே தெரியும். பல வருஷமா கழிச்சுட்டுத்தான் எடுத்துக்கும். இந்த வருஷம் அந்தக் கணக்கைப் புதுசா மாத்தினாங்க, அதுல கழிக்கிறது விட்டுப்போச்சு."

இத்தனை காலம் தன் மரியாதையை ஒரு இயந்திரம் சத்தம் போடாமல் கழித்துக்கொண்டே வந்திருக்கிறது என்பதை ஜீரணிக்கப் பால்வண்ணனுக்கு ஒரு சாயங்காலம் முழுக்கத் தேவைப்பட்டது. மறுநாளிலிருந்து தலைதட்டி அளந்தார். குவளையில் ஏழு. ஏழு என்று அனுப்பினார். கை நமைத்தது, இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு அனுப்பினார். வேலிக்கு வெளியே யாரையும் நிற்கவிடவில்லை. உலகம்மாள் சாப்பாட்டு நேரத்தில், "குழம்புல உப்பு எப்படி?" என்று கேட்டால், நாக்கில் வைத்து யோசித்து, "கொஞ்சம் கம்மி" என்றார். அதுவரை அவர் நல்லாயிருக்கு என்பதைத் தவிர வேறு சொல்லி அவள் கேட்டதில்லை. இது எந்த வியாதி என்று அவளுக்கு விளங்கவில்லை.

கணினி அவரைச் சேர்த்துக்கொண்டது. ஏழு என்று அது சொல்ல, ஏழு என்று இவர் சொல்ல, இரண்டு பேரும் இத்தனை ஒற்றுமையாக இருந்ததில் அதன் நம்பிக்கை நாளுக்கு நாள் ஏறியது. கார்த்திகை பிறந்து சில நாளில் மிருணாளினி கூப்பிட்டாள். "சார், இந்தக் கடற்கரையிலேயே உங்களைத்தான் அது அதிகமா நம்புது. தன் கணக்கைவிட உங்களை நம்புது. நீங்க என்ன சொன்னாலும் அப்படியே எடுத்துக்கும்."

உலகம்மாள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஆகவே விடியும்போதே இரண்டு தெருவும் வேலியில் நின்றன.

"அண்ணே, முழு நூறு போடுங்க. கண்மாய் நிறைஞ்சிரும். நாத்துல பாதியாவது பிழைச்சிரும்" என்றாள் சீனியம்மாள்.

"பூஜ்யம் போடும்வே" என்றார் ஞானதிரவியம். "ஒரு வாரத்துக்கு வெயில் அடிச்சா ஒரு வாரல் தேறும். பிள்ளைகளுக்குத் துணி எடுக்கணும்."

"மனசுல வெச்சுக்கோங்கண்ணே, இது ஒரு தடவைதான் பலிக்கும். பொய்யின்னு தெரிஞ்சா மறுபடி ஒதுக்கிரும்" என்றாள் சீனியம்மாள்.

"அதைத்தாம்மா நானும் சொல்லுதேன், அந்த ஒரு தடவையை எங்களுக்குக் குடுன்னு."

பால்வண்ணன் மழைமானியை எடுத்துக் குவளையில் ஊற்றினார். ஏழு. சுத்தமான, தலைதட்டிய ஏழு. நூறு என்றால் நூறு பெய்யும், உப்பளம் போகும். பூஜ்யம் என்றால் வெயில் அடிக்கும், மிளகாய் போகும். ஏழு என்று உண்மையைச் சொன்னால் நாளைக்கும் ஏழு, நாளன்றைக்கும் ஏழு, எல்லாம் போகும். குவளையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் நின்ற நேரத்தில் வேலியில் நின்ற ஒருவர் டீ குடித்துவிட்டே வந்துவிட்டார். இந்த ஏழு யாருடையது என்று அவர் யோசித்தார். கணினி சொன்னதால் பெய்தது. தான் ஆமாம் என்றதால் கணினி திரும்பச் சொன்னது. ஒரு மாதமாக இந்தக் குவளைக்குள் வானம் விழவே இல்லை, தன் சொல்தான் விழுந்து நிரம்பியிருக்கிறது. சரி, அப்படியானால் இன்றைக்கு நெடுந்துறையில் என்ன மழை என்று ஒருத்தன் கேட்டால், நெஞ்சில் கை வைத்து என்ன சொல்வாய்?

எண்ணுக்குப் பதிலாக அனுப்புவதற்கு ஒரு குறி உண்டு. தெரியவில்லை என்று அதற்குப் பொருள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பால்வண்ணன் அதைத் தொட்டதில்லை. தெரியாது என்று சொல்வதற்கா ஒருவனுக்குச் சம்பளம் கொடுத்து வேலிக்குள் உட்கார வைத்திருக்கிறார்கள்? அன்று அவர் அறைக்குள் போய், நாற்காலியில் உட்கார்ந்து, அந்தக் குறியை அனுப்பினார்.

வெளியே வந்து சொன்னார். ஞானதிரவியம், "படிச்ச படிப்புக்கு இதுதான் பதிலாவே?" என்று கேட்டார்.

ஆனால் கணினி அவரை முழுதாக நம்பியது. அவருக்குத் தெரியவில்லை என்பதையும் முழுதாக நம்பியது. ஆகவே அதற்கும் தெரியாமல் போனது.

தூற்றல் நின்றது. செக்கிலிருந்து அவிழ்த்துவிட்ட மாடு சுற்றுவதா நிற்பதா என்று தெரியாமல் விழிப்பதுபோல வானம் கொஞ்ச நேரம் விழித்துக்கொண்டு இருந்தது. பிறகு வடக்கே ஓர் இடத்தில் கிழிந்து, அதன் வழியே வெயில் வந்தது. சராசரி வெயில் இல்லை, சட்டையைக் கழற்ற வைக்கிற வெயில். உச்சிப்பொழுதுக்குள் சீனியம்மாளின் மிச்ச நாற்று இலையை விரித்தது. பாத்தியின் வரப்போரம் வெள்ளையாக ஒரு கோடு பூத்தது. ஞானதிரவியம் குனிந்து அதை விரலால் தொட்டு, நாக்கில் வைத்துப் பார்த்து, யாரும் கவனிக்காத மாதிரி இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார். வெயில் சாயும் முன்னால் கடல் பக்கமிருந்து காற்று திரும்பியது. ஈரவாடை அடித்தது. கருப்பாக ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது, அது வருமா, வந்தால் எவ்வளவு, உப்பளத்தில் இறங்குமா, கரிசலுக்குப் போகுமா, யாருக்கும் தெரியவில்லை. கிழக்குத் தெருக்காரர்கள் ஓடிப்போய் உப்புக் குவியல்களின்மேல் ஓலையை இழுத்துப் போட்டார்கள். மேற்குத் தெருக்காரர்கள் மண்வெட்டியோடு கண்மாய் வாய்க்காலுக்கு ஓடினார்கள். ஓடுகிற வழியில் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டார்கள். பல நாள் கழித்து வாய் திறந்து முழுசாக ஏசினார்கள்.

"நாத்துல இடி விழ" என்றார் ஞானதிரவியம்.

"உப்புல உம்ம வாய் கரைய" என்றாள் சீனியம்மாள், வாய்க்கால் வெட்டிக்கொண்டே.

அறைக்குள் போன் அடித்தது.

"சார், என்ன சார் அனுப்பினீங்க?" என்றாள் மிருணாளினி. அவள் குரலில் முதல்முறையாக மூச்சு வாங்கியது. "வரைபடத்துல உங்க ஊர் மேல ஒண்ணுமே இல்ல. வெள்ளையா இருக்கு. கம்ப்யூட்டர் உங்ககிட்ட திரும்பத் திரும்பக் கேக்குது. அங்க என்ன நடக்குது இப்போ?"

ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் மாறிக்கொண்டிருந்தது. வேலியில் யாரோ மறந்துவிட்டுப் போன பாவாடை ஒன்று காற்றில் எழும்பி எழும்பி அடித்தது.

"இரும்மா" என்றார் பால்வண்ணன். "பாத்துட்டு வந்து சொல்லுதேன்."

ரிசீவரை மேஜையில் அப்படியே வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, அவர் வெளியே போனார்.